கடிக்கிற எலி

யுவே-ஷியாவின் வலக்கை விழுந்துபோனபோது அந்த வீட்டில் எலி கொல்ல ஆளில்லாமல் போயிற்று. கீழ்த்தளத்தில் ஒரு பாம்பு பசியோடு இருந்தது. மொட்டைமாடியில் எலிகள் நிறைய இருந்தன. இரண்டுக்கும் நடுவே செய்யவேண்டியிருந்த ஒரே காரியத்தை அதுவரை செய்துவந்தவள் அவள். அவளுடைய கணவர் லியாவ் ஜின்-தே எலிகளை வளர்த்தவர். ஆனால் ஓர் எலியைக்கூடத் தம் கையால் கொன்றதில்லை.

டௌலியூ நகரில் எங்கள் சந்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: அகலம் குறைந்து, உயரம் மிகுந்து, தலையில் ஒரு தகரக் கொட்டகையைச் சுமந்து நிற்பவை. மற்றவர்கள் அந்தக் கொட்டகையில் துணி உலர்த்துவார்கள். உடைந்த மின்விசிறிகளைச் சேர்த்துவைப்பார்கள். ஜின்-தே எலி வளர்த்தார். கீழே யுவே-ஷியா பெண்களுக்கு முடி வெட்டிச் சுருட்டிவிடும் கடை நடத்தினாள். முடிக்கு வைத்த மருந்தின் நெடி எலி நாற்றத்தை எப்படியோ அடக்கிவைத்திருந்தது என்பது அடுத்த வீட்டுக்காரனான என் கருத்து.

பாம்பு அவர்கள் தேடி வாங்கியதன்று. கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒருத்தி, வாடகை வீட்டின் சொந்தக்காரர் அனுமதிக்கவில்லை, ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணாடிப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை. தொட்டால் சீறாமல், தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் வகை மலைப்பாம்பு அது. பசையரிசி மாவுருண்டையைப் போல் இருக்கிறதென்று யுவே-ஷியா அதற்கு மோவாஜி என்று அந்தப் பலகாரத்தின் பெயரையே வைத்தாள். தொடக்கத்தில் கடையில் வாங்கிய எலியை உயிரோடு பெட்டிக்குள் விட்டுவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் தலையைக் கழுவப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் எலி பாம்பின் முதுகைக் கடித்துக் குதறியிருந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதன்பிறகு உயிருள்ள எலியை அவள் பெட்டிக்குள் விட்டதில்லை. உறையவைத்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுத்தால் மோவாஜி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போதுதான் கொன்ற, சூடு ஆறாத எலி ஒன்றே அதற்கு உணவு. இப்படித்தான் மாடியில் எலிகளும், கீழே அவற்றைக் கொல்லும் வேலையும் அந்தக் குடும்பத்தில் வந்து சேர்ந்தன.

ஜின்-தே ஓய்வுபெறும்வரை வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டர் அளவைக் குறித்துவரும் வேலையில் இருந்தவர். இந்த ஊர் நாய்கள் அனைத்தின் பல்வரிசையும் அவருடைய கெண்டைக்காலில் பதிவாகியிருந்தது. கடிக்காத பிராணி ஒன்று உலகில் இருந்தால் போதும் என்பது அவருடைய தத்துவமாக இருந்ததில் வியப்பில்லை. எலி வளர்ப்பிலும் அதையே முறையாக்கினார். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண், சில பெண்கள். குட்டிகள் வளர்ந்ததும் வெறுங்கையைத் தொட்டிக்குள் வைத்துக் காத்திருப்பார். கையைக் கடித்த குட்டி முதலில் கீழே போகும். ஓடி ஒளிந்தது அடுத்தபடியாகப் போகும். தயங்காமல் வந்து உள்ளங்கையில் ஏறிய குட்டியை அடுத்த தலைமுறைக்கென்று நிறுத்திக்கொள்வார். கண் திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு குட்டியையும் அள்ளிக் கையில் வைத்துப் பழக்கவும் செய்வார். கோடையில் தகரம் காய்ந்தால் எலிகள் தாங்கா. ஆகையால் தண்ணீர்ப் புட்டிகளை உறையவைத்துத் தொட்டிகளில் படுக்கவைப்பார். எலிகள் அவற்றின்மேல் வயிறு பரப்பிக் கிடக்கும். தாமும் ஒரு முக்காலியில் அமர்ந்து, ஒரு புட்டியைப் பிடரியில் வைத்துக்கொண்டு, அவற்றோடு பேசிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. மனிதர்களோடு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மாலையில் குப்பை வண்டி பாட்டோடு வரும்போது சந்து முழுவதும் பைகளோடு வாசலில் நிற்கும். நனைந்த மரச்சீவல் அடைத்த ஜின்-தேவின் பைதான் எப்போதும் பெரியது. பழக்கடை ஹுவாங் அக்காள் சும்மா விடமாட்டாள்.

"என்ன ஜின்-தே, பை இம்புட்டுப் பெருசு? மருமகளுங்களுக்குப் பிரசவமா?"

"மூணு பேருக்கு."

"ஒரே மாப்பிள்ளைக்கா? எங்க வீட்டுக்காரரு காதுல போட்டுடாத. ஆசப்பட்டுருவாரு."

"உன் வீட்டுக்காரரக் கொண்டாந்து விடு, வளத்துத் தரேன். கடிக்காம இருந்தாச் சரி."

"பல்லே இல்ல, எங்க கடிக்கிறது?"

வாரத்துக்கு ஒருமுறை, சில நேரம் இருமுறை, மூடி போட்ட ஒரு வாளியில் ஓர் எலியை வைத்துப் படியில் இறக்கிவைப்பார். யுவே-ஷியா அதை எடுத்துக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போவாள். பிறகு கழுவிக் கவிழ்த்த வாளி படிக்கு வந்துசேரும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அந்த வீட்டில் இறைச்சி கிடையாது; அந்நாள்களில் மோவாஜிக்கும் பட்டினிதான். பின்னறையில் நடப்பதை ஜின்-தே ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டதுமில்லை, அவள் அழைத்ததுமில்லை.

போன ஆண்டு வேனிற்காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் தலையில் சுருள்குழல் மாட்டிக்கொண்டிருக்கும்போதே யுவே-ஷியா சரிந்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலப்பக்கம் அசைவில்லை. பேச்சு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. படியேற முடியாது என்பதால், சுழல்நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டுக் கடையிலேயே கட்டில் போட்டார்கள். எதிரே கண்ணாடிப் பெட்டி. கண் விழித்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்:

"சாப்பிட்டுச்சா?"

"இன்னும் இல்ல. நாளைக்கு."

நாளை நாளையென்று பல நாள் போயிற்று. உறையவைத்த எலியை வாங்கி, இளக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினார். மோவாஜி பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் முதுகெலும்பு தெரியத் தொடங்கியதைக் கட்டிலிலிருந்தே யுவே-ஷியா பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பு தேறவில்லை என்பதை அவள் அமைதியாகவே ஏற்றுக்கொண்டாள். கண்ணெதிரே அது இளைப்பதை மட்டும் அவளால் ஏற்க முடியவில்லை.

ஜின்-தே வாளியில் எலியை இறக்குவார், பின்னறைக்குப் போவார், மூடியைத் திறப்பார். எலி அவர் மணிக்கட்டில் ஏறி, முழங்கை மடிப்பில் போய் அமர்ந்துகொள்ளும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு மீண்டும் மாடிக்குப் போவார். ஒருநாள் சந்து முனையில் இருக்கும் பூமித்தெய்வத்தின் கோயிலுக்குப் போய், நான் இதைச் செய்யட்டுமா என்று கேட்டுப் பிறைக்கட்டைகளைத் தரையில் வீசினார். மூன்று முறையும் இரண்டு கட்டைகளும் மல்லாந்தே விழுந்தன. ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. தெய்வம் சிரிக்கிறது என்று அர்த்தம்.

"சாமிக்கே பதில் தெரியலண்ணே. அவரு என்ன பாம்பா வளக்குறாரு?" என்றார், அன்று எலி வாங்க வந்து இதைக் கேட்ட கோ பிங்-நான். கோழித்தீவன லாரி ஓட்டுகிறவர். வீட்டில் நான்கு பாம்புகள். ஜின்-தேவிடம் எலி வாங்கிக்கொண்டு போக மாதமொருமுறை வருவார். "தள்ளுங்க, நான் பாத்துக்கறேன். ஒரு நிமிஷ வேல."

ஜின்-தே ஒதுங்கிக்கொண்டார். கோவுக்கு அவசரம், வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. கழுத்தில் கம்பியை அழுத்தி வாலை இழுத்த முதல் இழுப்பில் காரியம் முடியவில்லை. எலி கத்திற்று. அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. மோவாஜி அன்று வயிறார விழுங்கியது. ஆனால் கோ கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது யுவே-ஷியா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள்.

"அண்ணி, சாப்பிட்டுருச்சு."

கோ சங்கடப்பட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வேணும்னா நான் பாம்பையே எடுத்துட்டுப் போயிடறேண்ணே. எங்க வீட்ல நாலோட அஞ்சு."

ஜின்-தே கட்டிலைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் இருந்த முகம் மெல்லத் திரும்பிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தது.

"வேணாம்," என்றார். "இங்கயே இருக்கட்டும்."

லாரி போனபின் யுவே-ஷியா இடக்கையால் கட்டிலின் விளிம்பைத் தட்டினாள்.

"கிழவா, இப்படி உட்காரு."

அவர் உட்கார்ந்தார்.

"அந்தச் சத்தம் காதுலயே நிக்குது, ஆ-ஷியா. உன் கையில ஒண்ணு கத்தி நான் கேட்டதில்ல. அதனால அது சுலபம்னே நெனச்சுட்டேன்."

"மொதல்ல சுலபமாத்தான் இருந்துச்சு. நீ கடிக்கிறதா அனுப்பின. மூடியத் தொறந்தா விரல்ல பாயும். நீயா நானா பாத்துடலாம்னு எனக்கும் ஒரு வேகம் வந்துடும். கை தானா வேலைய முடிச்சுடும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ கெட்டிக்காரனாயிட்ட."

அவருக்கு விளங்கவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, கோணிய வாயிலிருந்து சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

"கடிக்கிறதெல்லாம் தீந்துபோச்சு. அப்புறம் வந்ததெல்லாம் கைமேல ஏறி வந்துச்சுங்க. சட்டைக் கைக்குள்ள மூஞ்சிய நுழச்சுட்டுத் தூங்கும். தூங்கட்டும்னு விட்டுட்டு, எழுப்பாமலே செய்வேன். சில நாள் ரொம்ப நேரமாயிடும். வெளிய தலையில மருந்து வெச்சுட்டு ஒருத்தி உட்காந்திருப்பா."

கழுவிய வாளி படிக்கு வருவது ஆண்டுக்கு ஆண்டு தாமதமாகியதை ஜின்-தே கவனித்தே இருந்தார். கடையில் கூட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

"எத்தன வருஷமா?"

"விடு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒவ்வொரு ஈத்துக்கும் படியிறங்கி வந்து, 'ஆ-ஷியா, இந்தத் தடவ ஒண்ணுகூடக் கடிக்கல'ன்னு சொல்லுவ. கல்யாணத்தன்னிக்குக்கூட உன் மூஞ்சி அப்படி இருந்ததில்ல. அதக் கெடுக்கச் சொல்றியா?"

எலிகளின் குணத்தைத் திருத்தியதில் யாருக்கும் தீங்கில்லை என்றே அவர் அதுவரை நம்பியிருந்தார். சாதுவான எலிகளை ஊரே புகழ்ந்தது, வெளியூரிலிருந்தும் வாங்கிப்போனார்கள். அந்தப் புகழுக்குரிய விலையை, மூடிய பின்னறையில், வாரந்தோறும் தம் மனைவி செலுத்திவந்தாள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. இதை என்னிடம் சொன்னபோது அவர் தம் வெறும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தமுறை அவரே செய்தார். பின்னறைக்குப் போகவில்லை, கட்டிலுக்கு அருகிலேயே ஒரு துணியை விரித்து உட்கார்ந்தார். எலி வழக்கம்போல் சட்டைக் கைக்குள் நுழைந்து சுருண்டது. யுவே-ஷியா இடக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாத. மூச்சு ஒரே சீரா வரட்டும்."

"வருது."

"இப்பக் கம்பிய எடுத்துக் கழுத்துல வை. மெதுவா. அதப் பாக்காத, என்னப் பாரு."

அவளைப் பார்த்துக்கொண்டே செய்தார். எலி கத்தவில்லை. மோவாஜி தலையை நீட்டி, நாக்கால் காற்றைத் துழாவி, பற்றிக்கொண்டது. யுவே-ஷியா அன்று மாலைவரை நன்றாகத் தூங்கினாள். ஜின்-தே வாசல் குழாயடியில் குந்தி, அந்த வாளியைத் தேங்காய்நார் கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தார். வாளி எப்போதோ சுத்தமாகியிருந்தது. நான் கடைக்குப் போகும்போதும் தேய்த்துக்கொண்டிருந்தார்; திரும்பும்போதும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் கோ வந்தபோது ஜின்-தே அவரிடம் ஒரு விசித்திரமான உதவி கேட்டார்.

"உங்கிட்ட இருக்கிறதுலயே மோசமான ஆண் எலி ஒண்ணு வேணும். நல்லாக் கடிக்கணும்."

"அண்ணே, ஊரே சாதுவான எலி கேட்டு உங்ககிட்ட வருது. நீங்க எங்கிட்ட வந்து ரவுடியக் கேக்குறீங்க."

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு. என் மாமியா பேரத்தான் வெச்சிருக்கேன்."

"உன் வீட்டுக்காரிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டு இருப்பேனா?"

வந்த ஆண் எலி பெயருக்குக் குறைவைக்கவில்லை. தொட்டிக்கு மாற்றும்போதே ஜின்-தேவின் கட்டைவிரலை எலும்புவரை பதம்பார்த்தது. அவர் பழைய முறையை அப்படியே தலைகீழாக்கினார். வெறுங்கையை உள்ளே வைத்தார். ஏறிவந்த எலிகளை ஒதுக்கினார். பின்வாங்கிய சில பெண் எலிகளைத் தேர்ந்து புதிய ஆணோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளைத் தொடவில்லை. குணம் பாதி இரத்தத்தில் இருக்கிறது, பாதி கைப்பழக்கத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்; எனவே இரண்டையும் நிறுத்தவேண்டியிருந்தது. கண் திறந்த குட்டிகள் தொட்டியின் விளிம்பில் மூக்கை வைத்து அவரை முகர்ந்தபோது தடித்த கையுறையால் தட்டிவிட்டார். முக்காலியில் உட்காருவதை விட்டார், பேசுவதை விட்டார். தீனி, தண்ணீர், சீவல், உடனே கீழே. பழைய சாதுக்களை ஒவ்வொன்றாக, கட்டிலருகே, தூக்கத்தில், மோவாஜிக்குக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் அவள் கை அவர் மணிக்கட்டில் இருந்தது.

விரல்களில் கட்டுகள் பெருகியதை யுவே-ஷியா பார்க்காமல் இல்லை.

"கையில என்ன?"

"கதவு நசுக்கிடுச்சு."

"கதவுக்குப் பல்லு மொளச்சிருக்கா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. பிறகு அந்தப் பாதியும் நின்றது.

"முட்டாக் கிழவா. இனிமே நானா கொல்லப்போறேன்?"

"உனக்குப் பக்கத்துல உட்காந்துதானே செய்யறேன். ஒவ்வொரு தடவையும் உன் கை நடுங்குது."

"நடுங்கினா நடுங்கட்டும். மேல போய் உட்கார உனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் எதுக்குக் கெடுத்துக்கிற?"

ஜின்-தே கட்டுப்போட்ட விரலால் அவள் போர்வையின் மடிப்பை நேராக்கினார். அவர் ஒரு காரியத்தைத் தொடங்கினால் முறைப்படி முடிப்பவர். அதை அவளும் அறிவாள்.

புதிய குட்டிகள் பாம்புக்கு ஏற்ற அளவில் வளர்வதற்கு முன்பே, குளிர் தொடங்கிய ஒரு காலையில், கஞ்சி குடித்து முடித்த சற்று நேரத்தில், யுவே-ஷியாவுக்குப் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. இம்முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வேலை இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒரு வெள்ளைத்துணியைப் போட்டு மறைத்துவிட்டு, கட்டில் இருந்த இடத்திலேயே அவளைக் கிடத்தினார்கள். சந்துப் பெண்கள் வந்து, தங்கள் தலைமுடியை அவ்வளவு காலம் சீர்செய்துவிட்டவளின் தலையைக் கழுவி, உலர்த்தி, வாரிவிட்டார்கள். ஹுவாங் அக்காள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வகிடு எடுப்பாள் என்று தெரியாமல் ஜின்-தேவைக் கேட்டாள். அவர் உடனே, "இடப்பக்கம்," என்றார்.

துக்கநாள்கள் முடியும்வரை வீட்டில் எதுவும் கொல்லக்கூடாது. குளிரில் மோவாஜிக்கும் பசி மந்தம், சுருண்டே கிடந்தது. மாடியில் குட்டிகள், யாரும் தொடாமல், யார் குரலையும் கேட்காமல் வளர்ந்தன. சடங்கெல்லாம் முடிந்த வாரத்தில் கோ ஆரஞ்சுப்பழக் கூடையோடு வந்தார்.

"அண்ணே, இனிமே இந்தப் பாம்பு உங்களுக்கு எதுக்கு? நான் எடுத்துட்டுப் போறேன். எலிங்களையும் எடுத்துக்கறேன். நீங்க கொஞ்சம் வெளிய போய் நாலு பேரோட பழகுங்க."

"அதுக்குப் பசிக்குமே."

"எங்க வீட்லயும் சோறு போடுவேண்ணே."

"உனக்கு எப்பவும் அவசரம்," என்றார் ஜின்-தே. கோ ஆரஞ்சுப்பழத்தை உரித்துப் பாதியை அவரிடம் நீட்டினார்.

மறுநாள், கட்டில் எடுக்கப்பட்டு மீண்டும் சுழல்நாற்காலிகள் நின்ற அந்த அறையில், ஜின்-தே தரையில் துணியை விரித்து உட்கார்ந்து வாளியின் மூடியைத் திறந்தார். கையுறை போட்டுக்கொள்ளவில்லை. புதிய ஈற்றின் முதல் எலி அவருடைய ஆள்காட்டி விரலில் பாய்ந்து பல்லைப் பதித்தது. வலி மண்டைக்கு ஏறியது. கூடவே ஒரு வேகமும் ஏறியது. அடுத்த கணம் காரியம் முடிந்திருந்தது. அவள் சொன்னது சரிதான், சுலபமாகவே இருந்தது. மணிக்கட்டை யாரும் பிடித்திருக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மோவாஜி வெள்ளைத்துணி விலகிய வெளிச்சத்தில் மெல்லத் தலையை நீட்டி, எடுத்துக்கொண்டது.

விரலைக் கழுவிக் கட்டிக்கொண்டு அவர் மாடிக்குப் போனார். மூலையில் தூசு படிந்திருந்த முக்காலியைத் துடைத்து, தொட்டியருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெறுங்கையை உள்ளே வைத்தார். எலிகள் எதிர்மூலைக்கு ஓடின. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, முகத்தைச் சுவரில் புதைத்துக்கொண்டு, குவியலாக நடுங்கின. அவர் கையை எடுக்கவில்லை. பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பல மாதங்களாக அந்தக் கொட்டகையில் பேசாததால் தம் குரலே தமக்கு வேறாகக் கேட்டது என்றார். குவியல் இன்னும் இறுகியது. வெகுநேரம் கழித்துத் தீனியை அள்ளித் தொட்டியின் நடுவில் கொட்டினார். தாம் இருக்கும்வரை அவை தின்ன வரமாட்டா என்பது தெரிந்ததால், கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினார்.